மாமா சொன்ன மூலிகை

நேயர்களுக்கு வணக்கம். ஆஸ்துமா வந்தவர்களுக்குத் தெரியும்: இழுத்த மூச்சை வெளியே விடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அந்த அவதிக்கு ஒரு காலத்தில் கைகொடுத்த எபெட்ரின் என்ற மருந்தைப் பற்றிப் பேசப்போகிறேன். எந்தப் பாடத்தைத் தொடங்கினாலும் நான் இதில்தான் வந்து நிற்பேன் என்று என் மாணவர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

எபெட்ரா வறண்ட நிலத்துப் புதர். இலை என்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லை. கணுக்கணுவாகப் பச்சைக் குச்சிகள்தான். மாஹுவாங் என்ற பெயரில் சீன வைத்தியர்கள் பல நூற்றாண்டுகளாக அதைக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். 1885இல் ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகயோஷி அதன் சத்தான எபெட்ரினைப் பிரித்தெடுத்தார். கண்ணின் பாவையை அது விரிக்கிறது என்று கண்டார்கள். அதோடு சரி. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. சத்து கையில் இருந்தது, அதனிடம் கேட்கத்தான் ஆளில்லை.

1923. அமெரிக்காவில் படித்துவிட்டு, பீக்கிங் யூனியன் மருத்துவக் கல்லூரிக்கு கே. கே. சென் வருகிறார். சீன மூலிகைகளை ஆராய ஆசை. எத்தனையோ மூலிகைகள், எதில் தொடங்குவது? நாட்டு மருந்து அறிந்த மாமாவைக் கேட்டார். மாமா சொன்னது மாஹுவாங். சென்னும் அவருடன் பணியாற்றிய கார்ல் ஷ்மிட்டும் அந்தச் சாற்றை மயக்கத்தில் இருந்த ஒரு நாயின் இரத்தக் குழாயில் செலுத்தினார்கள். இரத்த அழுத்தம் விறுவிறுவென ஏறியது. இதயம் வேகமாகத் துடித்தது. அவசரத்தில் உடல் சுரக்கும் அட்ரினலின் செய்கிற வேலை! சில வாரங்களில் சத்தையும் பிரித்துவிட்டார் சென். பழைய ஏடுகளைப் புரட்டினால், நாகாய் எப்போதோ முந்திக்கொண்டிருக்கிறார்! எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். முந்தியவர் கையில் இருந்தது பொருள். பிந்தியவரிடம் இருந்தது கேள்வி.

சரி, மூச்சுக்குழாயை விரித்து ஆஸ்துமாவைத் தணிக்க அட்ரினலின்தான் இருக்கிறதே, இது எதற்கு? அட்ரினலினை விழுங்கினால் பயனில்லை. குடலும் ஈரலும் சிதைத்துவிடும். ஊசியாகப் போட்டாலும் சில நிமிடங்களில் வேகம் தணிந்துவிடும். அதன் மூலக்கூறின் வளையத்தில் ஒட்டியிருக்கும் இரண்டு ஹைட்ராக்சில் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன்) தொகுதிகள்தான் அதைச் சிதைக்கும் நொதிக்குப் பிடி கொடுக்கின்றன. எபெட்ரினில் அந்த இரண்டும் இல்லை. போதாததற்கு, வால் பகுதியில் ஒரு மீத்தைல் (கார்பன்-ஹைட்ரஜன்) தொகுதி காவல் நிற்கிறது. ஆகவே வாய்வழி கொடுத்தாலும் பல மணி நேரம் தாங்கும். ஆனால் பெரும்பாலும் அது நரம்பு முனைகள் சேர்த்துவைத்த, அட்ரினலினின் நெருங்கிய உறவான நார் அட்ரினலினை வெளியே தள்ளித்தான் வேலை செய்கிறது. அடுத்தடுத்துக் கொடுத்தால் கையிருப்பு தீரும், பலனும் குறையும். மூளைக்குள்ளும் நுழைவதால் தூக்கத்தைக் கெடுக்கும்.

கண்ணாடிக்கு அப்பால் நிலைய நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். மெத்தாம்பெட்டமைன் என்ற போதைப்பொருளின் கதையை இரண்டே வரியில் சொல்கிறேன்: 1893இல் எபெட்ரினிலிருந்து அதை உருவாக்கியவரும் இதே நாகாய்தான். உடல் இளைக்க விற்கப்பட்ட எபெட்ரா மாத்திரைகளை, இதயத்துக்கு ஆபத்து என்று அமெரிக்கா 2004இல் தடை செய்தது. முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட்டபின் இரத்த அழுத்தம் சரிந்தால் மருத்துவர்கள் எடுக்கும் மருந்துகளில் எபெட்ரின் இன்றும் உண்டு. நன்றி, வணக்கம்.