தெரிந்ததைச் செய்ய ஒரு துணை

பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவ நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஏடிஎச்டி உள்ளவர்களுக்கான கோச்சிங். நீட் கோச்சிங், டிஎன்பிஎஸ்சி கோச்சிங் என்று சொல்லிப் பழகிய நமக்கு இந்தச் சொல் பாடம் நடத்தித் தேர்வுக்குத் தயார்செய்யும் இடத்தையே நினைவுபடுத்தும். நான் பேசப்போகும் கோச்சிங்கில் யாரும் பாடம் நடத்துவதில்லை. செய்ய வேண்டியது இன்னதென்று நன்றாகத் தெரிந்திருந்தும் அதைத் தொடங்க முடியாமலும், தொடங்கினால் முடிக்க முடியாமலும் தவிக்கும் ஒருவருக்கு, அந்தச் செயல் நடக்க வேண்டிய நேரத்துக்கும் இடத்துக்கும் எவ்வளவு அருகில் வர முடியுமோ அவ்வளவு அருகில் வந்து உதவும் துணை அது. அதனால் அதை வழித்துணைப் பயிற்சி என்றும், அந்தப் பணியைச் செய்பவரைப் பயிற்றுநர் என்றும் இங்கே குறிப்பிடுகிறேன்.

முதலில் ஏடிஎச்டி பற்றிச் சில வார்த்தைகள். கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்று தமிழில் வழங்கும் இப்பெயர் பல பெற்றோரைக் குழப்பிவிடுகிறது. "ஆறு மணி நேரம் அசையாமல் கேம் விளையாடுகிறானே, அவனுக்கா கவனக்குறைவு?" என்று என்னிடம் கேட்காத பெற்றோர் குறைவு. கேள்வி நியாயமானது. கவனம் அவனிடம் இருக்கிறது. அதை வேண்டிய பக்கம் திருப்பவும், ஒன்றில் நிலைநிறுத்தவும், தேவைப்படும்போது அதிலிருந்து பிடுங்கி எடுக்கவும் அவனால் இயலவில்லை. திட்டமிடுதல், காலத்தை மதிப்பிடுதல், சொன்னதைச் சற்று நேரம் மனத்தில் வைத்திருத்தல், உந்துதலை அடக்குதல் ஆகியவற்றைச் செய்யும் மூளையின் மேலாண்மைத் திறன்களில்தான் சிக்கல். இத்துறையில் நெடுங்காலம் ஆய்வு செய்த அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி, இது அறியாமையால் வரும் குறைபாடு அன்று, அறிந்ததைச் செயல்படுத்துவதில் உள்ள குறைபாடு என்று திரும்பத் திரும்ப வலியுறுத்தி வந்திருக்கிறார். நான் இன்று சொல்லப்போவது அனைத்தும் இந்த ஒரு கருத்திலிருந்தே கிளைக்கிறது. குறை அறிவில் இல்லையென்றால் அறிவுரை எப்படி மருந்தாகும்?

1902ஆம் ஆண்டு இலண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில், அறிவுத்திறனில் குறையில்லாத, ஆனால் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ள இயலாத குழந்தைகளைப் பற்றி விரிவுரை நிகழ்த்தியபோது, அதை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றே பெயரிட்டார். அதன்பின் மருத்துவம் வெகுதூரம் நடந்துவிட்டது. மரபணுக்களின் பங்கு இதில் மிகப் பெரியது என்பதை இரட்டையர் ஆய்வுகள் காட்டியுள்ளன. குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவிலும், பெரியவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் அளவிலும் இது காணப்படுவதாக உலகளாவிய மதிப்பீடுகள் சொல்கின்றன. வயது ஏறினால் தானே போய்விடும் என்ற பழைய நம்பிக்கையும் தகர்ந்து, 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு, பெரியவர்களில் இதைக் கண்டறியத் தேவையான அறிகுறிகளின் எண்ணிக்கையைக் குழந்தைகளுக்கு உள்ளதைவிடக் குறைத்து வகுத்தது. ஆனால் நம் வீடுகளில் இன்றும் 1902தான் நடக்கிறது. சோம்பேறி, பொறுப்பில்லாதவன், திமிர் பிடித்தவள் என்று நாம் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் ஒழுக்கத் தீர்ப்பே.

நம் குடும்ப அமைப்பில் ஏடிஎச்டி மறைந்திருக்கும் விதம் ஒன்று உண்டு. காலையில் ஐந்தரைக்கு எழுப்பி, பையை அடுக்கி, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டி, வீட்டுப்பாடம் முடியும்வரை பக்கத்திலேயே அமர்ந்து, தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாளை நினைவில் வைத்து, பிளஸ் டூ வரை பிள்ளையைக் கொண்டுவந்து சேர்ப்பவர் பெரும்பாலும் அம்மா. பிள்ளையின் மூளை செய்ய வேண்டிய மேலாண்மை வேலையைப் பதினேழு ஆண்டுகள் இன்னொருவரின் மூளை செய்துவந்திருக்கிறது. கட்டடத்துக்குக் கட்டிய சாரத்தையே சுவர் என்று நாம் நம்பிவிடுகிறோம். பிள்ளை விடுதிக்குப் போகும் நாளில் சாரம் அவிழ்கிறது. பள்ளியில் நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளை முதல் செமஸ்டரிலேயே அரியர் வைக்கும்போது, "காலேஜ் போனதும் கெட்டுப்போய்விட்டான்" என்கிறோம். அவன் கெட்டுப்போகவில்லை, ஐயா. அவனைத் தாங்கியிருந்தது என்ன என்பது அன்றுதான் வெளியே தெரிகிறது.

என்னிடம் வந்த ஒரு மாணவரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தென்காசிப் பக்கத்திலிருந்து கோவைக்கு வந்து பொறியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தார். மூன்று அரியர். மனநல மருத்துவர் ஏடிஎச்டி என்று உறுதிசெய்து, மருந்தும் தொடங்கியிருந்தார். முதல் சந்திப்பில் அவர் கொண்டுவந்த பிரச்சினை லேப் ரெக்கார்ட். பதினொரு சோதனைகளில் ஒன்பதை இன்னும் எழுதவில்லை. கையெழுத்து வாங்க எட்டு நாள் இருந்தது. தேதி அவருக்கு மனப்பாடம். கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் சிவப்பு மையால் எழுதியும் ஒட்டியிருந்தார். ஒவ்வொரு இரவும் அதைப் பார்த்துக்கொண்டே படுத்தார்.

இந்த இடத்தில் நம்மில் பலர் "ஒரு நாளைக்கு இரண்டு எழுதினால் முடிந்துவிடுமே" என்போம். அந்தக் கணக்கை அவர் எனக்கு முன்பே போட்டிருந்தார். நான் கேட்டது, "ரெக்கார்ட் நோட்டு இந்த நிமிடம் எங்கே இருக்கிறது?" என்றுதான். சற்று யோசித்துவிட்டு, கட்டிலுக்கடியில் உள்ள பையில் என்றார். எந்தச் சோதனைகளை எழுதவில்லையோ அவற்றின் அளவீடுகள் உள்ள அப்சர்வேஷன் நோட்டு? நண்பரிடம். பென்சில்? இல்லை. ஆக, எழுதுவது என்ற ஒரே வேலையாக அவர் நினைத்துக்கொண்டிருந்ததற்கு முன்னால் மூன்று சிறிய வேலைகள் அடுக்கி நின்றன. அந்த மூன்றும் கண்ணுக்குத் தெரியாததால் ஒவ்வொரு இரவும் அவர் எழுதுவதிலேயே தோற்றதாக நம்பிக்கொண்டிருந்தார். அன்று நாங்கள் ஒன்பது சோதனைகளைப் பற்றிப் பேசவே இல்லை. மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போவதற்கு முன் நோட்டை எடுத்து மூன்றாம் சோதனையின் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்துவிட்டுப் போவது. திரும்பும் வழியில் நண்பரின் அறையில் அப்சர்வேஷன் நோட்டையும் பென்சிலையும் வாங்கிக்கொண்டு, அங்கேயே அவர் பக்கத்தில் அமர்ந்து எழுதுவது. எட்டே முக்காலுக்கு எழுதிய பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது. அவ்வளவுதான்.

அன்றிரவு படம் வரவில்லை. பயிற்றுநரின் வேலை எது என்பது இந்த இடத்தில்தான் தெரியும் என்பதால் இதைச் சொல்கிறேன். வீட்டில் இது நடந்திருந்தால் "சொன்னாயே, ஏன் செய்யவில்லை?" என்ற கேள்வி வந்திருக்கும். அந்தக் கேள்வியைப் பத்து வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவருக்கு அதற்குரிய பதில் ஒன்றே ஒன்று: பொய். மறுநாள் நான் கேட்டது, "எட்டேகால் மணிக்கு என்ன நடந்தது?" என்று. நண்பரின் அறையில் ஐந்து பேர் கூடி லேப்டாப்பில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றார். அப்படியானால் இடம்தான் தவறு. நூலகத்துக்கு வெளியே விளக்கு எரியும் ஒரு திண்ணை இருப்பதை அவரே சொன்னார்; நண்பரும் அங்கு வந்து தம் வேலையைப் பார்க்கச் சம்மதித்தார். அன்று எட்டு ஐம்பதுக்குப் படம் வந்தது. அரைப் பக்கம், பாதி வரைந்த சர்க்யூட். கையெழுத்து நாளன்று ஒன்பதில் ஏழு முடிந்திருந்தன. மீதி இரண்டுக்காக ஆசிரியரிடம் முன்கூட்டியே போய்க் கேட்டு இரண்டு நாள் அவகாசம் வாங்கியிருந்தார். அவர் படிப்பு வாழ்க்கையில், கடைசித் தேதிக்குப் பிறகு ஒளியாமல் அதற்கு முன்பே போய் நின்றது அதுவே முதல்முறை என்றார்.

இதில் மந்திரம் எதுவுமில்லை. ஒருவர் பக்கத்தில் வெறுமனே அமர்ந்திருந்தாலே வேலை நகர்கிறது என்பது ஏடிஎச்டி உள்ள பலரின் அனுபவம். நாளை, அடுத்த வாரம் என்பவை எல்லாம் அவர்களுக்கு ஒரே தூரத்தில் மங்கலாகத் தெரிவதால், எட்டே முக்கால் என்ற நெருங்கிய எல்லை ஒன்றைக் கட்டித்தர வேண்டியிருக்கிறது. "நேரம் கிடைக்கும்போது எழுதுவேன்" என்பதைவிட "மெஸ்ஸிலிருந்து திரும்பியதும் எழுதுவேன்" என்று ஒரு நிகழ்வோடு முடிச்சிட்ட திட்டம் நிறைவேற வாய்ப்பு அதிகம் என்பது உளவியலில் பலமுறை சோதிக்கப்பட்ட உண்மை.

எட்வர்ட் ஹாலோவெல், ஜான் ரேட்டி என்னும் இரு அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1994இல் வெளியிட்ட நூலில், ஏடிஎச்டி உள்ளவருடன் தவறாமல் சில நிமிடங்கள் பேசி, இன்று என்ன உதவி வேண்டும், என்ன கடமைகள் உள்ளன, திட்டம் என்ன என்று கேட்டு ஊக்கமும் தரும் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். அந்தப் பத்தாண்டுகளில்தான் இது தனித் தொழிலாக உருவெடுத்தது. இன்று பிரிட்டனில், வேலை பார்ப்போருக்கு அரசு தரும் உதவித்தொகையிலிருந்து இத்தகைய பயிற்சிக்குச் செலவு செய்துகொள்ள முடிகிறது. நம் நாட்டிலோ 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் உண்டு. ஏடிஎச்டி தனியாக இடம்பெறவில்லை. இது மாற வேண்டும் என்பதே என் கருத்து.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. வகுப்பில் பெஞ்சு மேல் ஏறாத, ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு அமைதியாக இருக்கும் சிறுமியை எந்த ஆசிரியரும் மருத்துவரிடம் அனுப்புவதில்லை. அவள் வளர்ந்து மணமாகி ஒரு வீட்டை நடத்தும் நாளில், பால் பொங்கி அடுப்பை அணைத்துவிடுகிறது, ரேஷன் கடைக்குப் போக வேண்டிய நாள் தவறுகிறது, பிள்ளையின் பள்ளிச் சுற்றறிக்கை கையெழுத்தாகாமல் கிடக்கிறது. வீட்டு மேலாண்மை முழுவதும் பெண்ணின் பொறுப்பு என்று வைத்திருக்கும் சமூகத்தில், மேலாண்மைத் திறனில் குறையோடு பிறந்த பெண்ணுக்கு ஒவ்வொரு நாளும் தேர்வு, ஒவ்வொரு நாளும் தோல்வி. தன் பிள்ளையைப் பரிசோதனைக்கு அழைத்து வந்து, மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே வரும்போது, தன்னைப் பற்றித்தான் கேட்கிறார் என்று உணர்ந்து அழுத தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கான பயிற்சியில் முதல் சில வாரங்கள் திட்டங்களுக்குப் போவதில்லை. தான் சோம்பேறி என்று நாற்பது ஆண்டு நம்பியதை இறக்கி வைப்பதற்கே போய்விடுகிறது. அந்த வாரங்கள் வீணானவை அல்ல.

இனி எச்சரிக்கைகள். வழித்துணைப் பயிற்சி மருத்துவத்துக்கு மாற்று ஆகாது. ஏடிஎச்டியின் அறிகுறிகளைக் குறைப்பதில் மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்துகளுக்கு உள்ள அளவு வலுவான சான்று பயிற்சிக்கு இன்னும் இல்லை. பயிற்சி பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. பல, அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் நடந்தவை. படிக்கும் முறையும் தன்னம்பிக்கையும் மேம்படுவதாக அவை காட்டுகின்றன என்ற அளவில்தான் சொல்லலாம். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ளப் பழக்குவதும், பயிற்சியோடு பல கூறுகளைப் பகிர்ந்துகொள்வதுமான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு இதைவிட உறுதியான ஆதாரம் உண்டு. மருந்து எடுத்தும் அறிகுறிகள் தீராத 86 பெரியவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், அச்சிகிச்சை பெற்றவர்கள், உடலையும் மனத்தையும் தளர்த்த மட்டும் கற்றுக்கொண்டவர்களைவிடத் தெளிவான முன்னேற்றம் கண்டார்கள். மருந்து கவனத்தைச் சற்று நிலைப்படுத்தித் தரும். நோட்டு கட்டிலுக்கடியில் இருக்கிறது என்பதை மருந்து சொல்லாது. மருந்தும் பயிற்சியும் சேர்ந்தே தேவைப்படுபவர்கள் பலர்.

மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பயிற்றுநருக்கு அப்படிப்பட்ட சட்டம் எதுவும் நம் நாட்டில் இல்லை. நாளையே யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம். ஆகவே, எங்கே பயின்றீர்கள், மருத்துவருடன் தொடர்பில் இருப்பீர்களா, மனச்சோர்வோ தற்கொலை எண்ணமோ தெரிந்தால் யாரிடம் அனுப்புவீர்கள் என்று கேளுங்கள். முழுதாகக் குணப்படுத்திவிடுவேன் என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பணம் கட்டுகிறவர் அப்பாவாக இருந்தாலும் பயிற்சி பெறுபவர் பிள்ளைதான் என்பதையும் மனத்தில் வையுங்கள். "உள்ளே என்ன சொன்னான்?" என்று பெற்றோர் கேட்க, பயிற்றுநரும் சொல்லிவிட்டால், அடுத்த வாரம் அந்தப் பிள்ளை உண்மை பேச மாட்டான், உண்மை வராத இடத்தில் இந்தப் பயிற்சிக்கு ஒரு வேலையும் இல்லை.

கட்டணம் கொடுக்க இயலாதவர்கள் என்ன செய்வது? பரிசோதனைக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குச் செல்லலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் தொலைபேசி வழியே மனநல உதவி தரும் அரசின் டெலி மானஸ் எண்ணான 14416ஐ அழைக்கலாம். துணைக்கு, ஒரு நண்பரும் ஒரு திண்ணையும் குறித்த ஒரு நேரமும் இருந்தாலே போதும் என்ற நிலையில் உள்ளவர்களும் உண்டு. ஆசிரியர்கள் பெரிய அசைன்மென்ட் ஒன்றுக்கு ஒரே கடைசித் தேதி தருவதற்குப் பதிலாக இடையில் இரண்டு சிறு தேதிகள் தந்தாலே வகுப்பில் சிலர் பிழைத்துக்கொள்வார்கள்.

அந்த மாணவரின் அம்மா ஒருமுறை கோவைக்கு வந்திருந்தார். தினமும் காலை ஐந்தரைக்குத் தென்காசியிலிருந்து மகனுக்குப் போன் செய்து எழுப்பிக்கொண்டிருந்தவர். அவன் எடுத்து "எழுந்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடுவான் என்று அவருக்கும் தெரியும். "அப்படியானால் நான் இனிமேல் போன் செய்யக் கூடாதா, மேடம்?" என்று கலங்கிப்போய்க் கேட்டார். போனை நிறுத்த வேண்டாம் அம்மா, எழுந்தாயா என்று கேட்பதற்குப் பதிலாக இன்று எதிலிருந்து தொடங்கப் போகிறாய் என்று கேளுங்கள் என்றேன். எத்தனை மணிக்கு என்றார். அதை மகனிடமே கேட்கச் சொன்னேன். மகன் சற்றும் யோசிக்காமல் ஆறு நாற்பது என்றார். விடுதியில் அந்த நேரத்துக்குத்தான் வாளியை வைத்துக்கொண்டு குளியலறை வரிசையில் நின்றுகொண்டிருப்பாராம். அப்போது திரும்பிப் போய்ப் படுக்க முடியாதாம்.