சீருடையைக் கழற்றிய பிறகு

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

சிங்கப்பூரில் தேசிய சேவை எனும் கட்டாய ராணுவப் பணியில் இருக்கும் என் இளைய மகன், போன சனிக்கிழமை புலாவ் தெக்கோங் தீவின் பயிற்சி முகாமிலிருந்து வீட்டுக்கு வந்தான். அவன் அம்மா அழுக்குத் துணிப் பையைக் கவிழ்த்ததும் காலுறையிலிருந்து காய்ந்த சேறு பொலபொலவென உதிர்ந்தது. அவன் எங்கே பயிற்சி செய்தாலும் அவனுடைய கட்டில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில்தான் கிடக்கிறது. அதைப் பார்த்தபோதுதான் அமெரிக்காவில் தெருவில் உறங்கும் முன்னாள் படைவீரர்களின் நினைவு வந்தது.

அங்கே கட்டாய ஆள்சேர்ப்பு 1973-இல் நின்றுவிட்டது. விரும்பிச் சேர்கிறவர்களில் பலர் 18, 19 வயதிலேயே ஊரைவிட்டுப் போகிறார்கள். படுக்கை, சாப்பாடு, சம்பளம், மருத்துவர், தோழர்கள் எல்லாமே முகாமில்தான். பணி முடியும் நாளில் இத்தனையும் ஒருசேரக் கைவிட்டுப் போகின்றன. குண்டுவெடிப்பில் மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பும், தூக்கத்தைப் பறிக்கும் போர் நினைவுகளும் பல ஆண்டுகள் கழித்துக்கூடத் தலைகாட்டும். வேலை நிலைக்காது, வாடகை பாக்கி விழும், மனைவி பிரிவாள். முதலில் நண்பர் வீட்டுக் கூடம், அப்புறம் சொந்தக் கார், கடைசியில் பாலத்தடி. "குடித்தே கெட்டான்" என்று இவர்களைப் பற்றி யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. பலருக்குக் குடி இந்தக் கஷ்டங்களுக்கு நடுவில்தான் வந்து சேர்ந்தது.

ஆண்டுதோறும் ஜனவரியில் ஓரிரவு அங்கே வீடற்றோரைக் கணக்கெடுக்கிறார்கள். 2010-இல் ஏறத்தாழ 74,000 முன்னாள் வீரர்கள் இருந்தார்கள். 2024-இல் அது 33,000-க்கும் கீழே இறங்கியது. அதே 2024-இல் நாட்டின் மொத்த வீடற்றோர் எண்ணிக்கையோ 770,000-ஐத் தாண்டியிருந்தது. வீரர்கள் விஷயத்தில் மட்டும் எப்படிக் குறைந்தது? "முதலில் குடியை விடு, பிறகு வீடு தருகிறோம்" என்று பேரம் பேசாமல், முதலில் சாவியைக் கையில் கொடுத்தார்கள். வீடு பெற்ற வீரர் தம் வருமானத்தில் சுமார் 30 விழுக்காட்டை வாடகையாகக் கட்டுகிறார், மிச்சத்தை அரசாங்கம் ஏற்கிறது. கூடவே, சிகிச்சைக்கும் வேலைக்கும் வழிகாட்ட ஒரு சமூகப் பணியாளர் வீடு தேடி வருகிறார். கதவைத் தாழிட்டுப் படுக்க இடம் கிடைத்த மனிதர்தான் மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "நீங்கள் முன்னாள் படைவீரரா?" என்று கேட்டால் சிலர், குறிப்பாகப் பெண்கள், இல்லை என்றே சொல்லிவிடுகிறார்கள். போர்முனைக்குப் போகாத தங்களுக்கு அந்தப் பெயர் பொருந்தாது என்று அவர்களுக்கு எண்ணம். அதனால், "எப்போதாவது ராணுவத்தில் வேலை பார்த்தீர்களா?" என்று கேட்கும்படி பணியாளர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். அப்படிக் கேட்டால்தான், "ஆமாம், சில வருடம் இருந்தேன்" என்று பதில் வருகிறது.

வணக்கம்.