ஈயத்துக்குள் இல்லாத ஒமேகா எங்கிருந்து வருகிறது?

வணக்கம். ஈய அணுக்கருக்களை மோதவிட்டால், அவற்றுக்குள் இல்லாத ஒமேகா என்ற துகள் வெளியே வருகிறது, அது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு. ஒரு படத்திலிருந்தே தொடங்குகிறேன், திரையைப் பாருங்கள். செர்ன் ஆய்வகத்தில் ஆலிஸ் என்ற உணர்கருவி இருக்கிறது இல்லையா, அதில் பதிவான ஒரு புரோட்டான்-புரோட்டான் மோதல் இது. பள்ளி மாணவர்களுக்காக அவர்கள் வைத்திருக்கிற மாஸ்டர்கிளாஸ் பயிற்சியில் இந்த மாதிரி மோதல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கலாம், நேற்று ராத்திரி உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. நடுவிலிருந்து நாலா பக்கமும் தெறிக்கிற கோடுகளெல்லாம் மின்னூட்டமுள்ள துகள்கள் போன தடம். இப்போது அந்த மையத்தை விட்டு, என் அம்புக்குறி நிற்கிற இடத்தைப் பாருங்கள். அங்கே எந்தக் கோடும் வந்து சேரவில்லை, ஆனால் அங்கிருந்து இரண்டு கோடுகள் கவட்டை மாதிரி விரிந்து போகின்றன.

அந்தக் கவட்டையைத்தான் ஆராய்ச்சியாளர்கள் வி-ஜீரோ என்கிறார்கள். மின்னூட்டம் இல்லாத ஒரு துகள் மையத்தில் பிறந்து, தடமே விடாமல் நடந்து வந்து, இங்கே உடைந்திருக்கிறது. இதில் ஒரு கோடு கிட்டத்தட்ட நேராகப் போகிறது, இன்னொன்று காந்தப்புலத்தில் நன்றாக வளைகிறது. நேராகப் போவது புரோட்டான், வளைவது எடை குறைந்த பையான். அப்படியென்றால் உடைந்தது லாம்டா என்ற துகளாக இருக்கும். இரண்டு கோடும் ஒரே அளவு வளைந்திருந்தால் பெரும்பாலும் அது கேயான் என்ற இன்னொரு துகள், இரண்டு பையான்களாகப் பிரிந்தது. நாலைந்து படம் பார்த்தாலே கண் பழகிவிடுகிறது.

லாம்டாவின் சராசரி ஆயுள், ஒரு நொடியை ஆயிரம் கோடிப் பங்காக்கினால் அதில் 2.6 பங்கு. நமக்கு அது ஒன்றுமே இல்லை, ஆனால் அணுக்கரு உலகத்துக்கு அது யுகம். ஒளிவேகத்துக்குப் பக்கத்தில் ஓடுவதால் அதற்குள் சில சென்டிமீட்டர் கடந்துவிடுகிறது. 1947-இல் மான்செஸ்டரில் ரோச்செஸ்டர், பட்லர் என்ற இயற்பியலாளர்கள், துகள் போன வழி நீர்த்துளிக் கோடாகத் தெரிகிற மேக அறையின் படங்களில் முதலில் பார்த்ததும் இதே கவட்டை வடிவத்தைத்தான். நொடிப்பொழுதில் உண்டாகிறது, ஆனால் உடைய இவ்வளவு நேரம் எடுக்கிறதே என்று குழம்பித்தான் ஸ்ட்ரேஞ்ச் என்ற பெயரே வந்தது. புரோட்டான், லாம்டா மாதிரித் துகள்களை ஆக்கியிருக்கிற இன்னும் சிறிய துகள்கள்தான் குவார்க்குகள். லாம்டாவின் உள்ளே இருக்கிற ஸ்ட்ரேஞ்ச் வகைக் குவார்க் வேறு வகைக் குவார்க்காக மாறினால்தான் லாம்டா உடைய முடியும், அந்த மாற்றம் மெதுவான வலுக்குறை விசைவழி மட்டுமே நடக்கும்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். ஈய அணுக்கருவும் ஈய அணுக்கருவும் மோதுகின்றன. இரண்டிலும் இருப்பது புரோட்டானும் நியூட்ரானும், அவற்றை ஆக்கியிருப்பவை அப், டவுன் குவார்க்குகள். உள்ளே போன கணக்கில் ஸ்ட்ரேஞ்ச் சுழியம். வெளியே வருவதில் லாம்டா, கேயான், இரண்டு ஸ்ட்ரேஞ்ச் குவார்க் கொண்ட சை, மூன்றுமே ஸ்ட்ரேஞ்ச் ஆன ஒமேகா எல்லாம் இருக்கின்றன. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்போம். இங்கே சட்டியில் இல்லாதது அகப்பையில் வருகிறது. அதனால் வெளியே எண்ணுகிற ஒவ்வொரு ஸ்ட்ரேஞ்ச் குவார்க்கும் அந்த மோதல் எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு சாட்சி.

1982-இல் ராஃபெல்ஸ்கி, முல்லர் என்ற இயற்பியலாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். புரோட்டான், நியூட்ரான் இரண்டுக்கும் பொதுப்பெயர் நியூக்கிளியான். இரண்டு நியூக்கிளியான்கள் சாதாரணமாக மோதி, அதில் ஒன்று லாம்டாவாகவும் கூட ஒரு கேயானாகவும் மாற வேண்டுமென்றால், கூடுதலாகச் சுமார் 670 மெகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும் (துகள்களின் நிறையையும் இதே ஆற்றல் அலகில்தான் சொல்வார்கள்). ஆனால் மோதலின் சூட்டில் புரோட்டான், நியூட்ரான்களின் எல்லையே கரைந்து, குவார்க்குகளும் அவற்றை ஒட்டிவைக்கிற குளுவான்களும் தாராளமாக அலைகிற குவார்க்-குளுவான் பிளாஸ்மா உண்டாகிவிட்டால்? அங்கே இரண்டு குளுவான்கள் சேர்ந்து ஒரு ஸ்ட்ரேஞ்ச் குவார்க்கையும் அதன் எதிர்க்குவார்க்கையும் நேரடியாக உண்டாக்கலாம். ஒன்றின் நிறை சுமார் 95 மெகா எலெக்ட்ரான் வோல்ட்தான், ஆக ஜோடிக்கு 190 போதும். பிளாஸ்மா உண்டாகிற வெப்பநிலையே அதே அலகில் சுமார் 155, அதாவது கிட்டத்தட்ட 1.8 லட்சம் கோடி கெல்வின். அந்தச் சூட்டில் 190 எட்டிப் பிடிக்கிற தூரம்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது, எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். பிளாஸ்மா இல்லாமல் ஒமேகா உண்டாக வேண்டுமென்றால் படிப்படியாக ஏற வேண்டும், ஒவ்வொரு படியும் கடினம். பிளாஸ்மாவில் ஸ்ட்ரேஞ்ச் குவார்க்குகள் ஏற்கெனவே அலைந்துகொண்டிருக்கின்றன, ஆறும்போது மூன்று ஒன்றாகச் சேர்ந்தால் போதும். அதனால் லாம்டா கொஞ்சம் கூடும், சை இன்னும் கூடும், ஒமேகா எல்லாவற்றையும் விடக் கூடும். செர்னின் எஸ்பிஎஸ் முடுக்கியில் டபிள்யூஏ97 சோதனை அப்படியே வரிசை மாறாமல் அதைப் பார்த்தது. மோதலில் பங்கெடுத்த நியூக்கிளியான்களின் எண்ணிக்கையால் வகுத்த பிறகும், புரோட்டான்-பெரிலியம் மோதலை விட ஈயம்-ஈயத்தில் ஒமேகா சுமார் 15 மடங்கு. 2000 பிப்ரவரியில் புதிய பொருள்நிலைக்கான சான்றுகள் கிடைத்திருப்பதாகச் செர்ன் அறிவித்தபோது, முன்வைத்த சான்றுகளில் இதுவும் ஒன்று.

ஈயம்-ஈயம் மோதலில் கண்ணால் கவட்டை தேட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஆயிரக்கணக்கில் தடங்கள். கணினி ஒவ்வொரு நேர்மின் தடத்தையும் ஒவ்வொரு எதிர்மின் தடத்தோடு ஜோடி சேர்த்து, இவை ஒரே துகளிலிருந்து வந்திருந்தால் அதன் நிறை என்னவாக இருக்கும் என்று கணக்கிடும். தப்பான ஜோடிகள் எல்லாம் பரவலாக ஒரு மேடு மாதிரி விழும், அதன் மேல் 1116 மெகா எலெக்ட்ரான் வோல்ட்டில் ஊசி மாதிரி ஒரு முகடு எழும். அதுதான் லாம்டா.

அப்புறம் 2017 வந்தது. 7 டெரா எலெக்ட்ரான் வோல்ட் புரோட்டான்-புரோட்டான் மோதல்களில், அதிகத் துகள்கள் தெறித்தவற்றை மட்டும் ஆலிஸ் குழு தனியாகப் பிரித்துப் பார்த்தது. அதிலும் ஸ்ட்ரேஞ்ச் துகள்கள் கூடுகின்றன! அதே வரிசையில், ஒமேகா எல்லாவற்றையும் விட வேகமாக. பையானோடு ஒப்பிட்டால் புரோட்டானின் விகிதம் அப்படி ஏறவில்லை, ஆக இது நிறையைப் பொறுத்ததல்ல, ஸ்ட்ரேஞ்ச் குவார்க்கின் எண்ணிக்கையைப் பொறுத்தது. புரோட்டான், புரோட்டான்-ஈயம், ஈயம் என்று மூன்று வகை மோதல்களின் புள்ளிகளும், தெறித்த துகள்களின் எண்ணிக்கையை வைத்து வரைந்தால், ஒரே வளைவில் வந்து உட்காருகின்றன.

என்னைக் கேட்டால் இதைத் தலைகீழாகப் பார்ப்பதுதான் நல்லது. ஸ்ட்ரேஞ்ச் குவார்க் எப்போதும் ஜோடியாகத்தான் உண்டாகும். மிகச் சிறிய இடத்தில் ஒரு ஒமேகா வேண்டுமென்றால், மூன்று எதிர்க்குவார்க்குகளும் அதே சிறிய இடத்துக்குள் இருந்தாக வேண்டும், அது கடினம். இடம் பெரிதானால் கணக்கை எங்கோ ஒரு மூலையில் சரிக்கட்டிக்கொள்ளலாம். அதாவது ஈயத்தில் ஒமேகா கூடுகிறது என்பதை விட, சிறிய மோதலில் ஒமேகாவுக்கு இருந்த நெருக்கடி விலகுகிறது என்று சொல்லலாம். இது ஒரு பார்வைதான். புரோட்டான் மோதலிலேயே ஒரு துளி பிளாஸ்மா உண்டாகிறதா என்ற விவாதம் இதனால் முடிந்துவிடாது.

2025 ஜூலையில், ஆலிஸ் இருக்கிற செர்னின் எல்எச்சி முடுக்கியில் முதன்முறையாக ஆக்சிஜனோடு ஆக்சிஜனை மோதவிட்டார்கள். ஒரு பக்கத்துக்கு 16 நியூக்கிளியான்கள்தான். தெறிக்கிற துகள்களின் எண்ணிக்கையில் அது நிறைய துகள் வரும் புரோட்டான்-ஈயத்தோடு ஒத்துப்போகலாம், ஆனால் மோதுகிற இடத்தின் வடிவம் வேறு. எண்ணிக்கை ஒன்று, வடிவம் வேறு என்கிற அந்த இடத்திலும் ஒமேகா அதே வளைவில் உட்காருகிறதா என்பதைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்த வரைபடம் கையில் கிடைத்ததும் இதே திரையில் வைத்துப் பேசுகிறேன்.