கேம்பர் வேனில் சூடு கேஸுக்கு, மற்றதெல்லாம் பேட்டரிக்கு

வணக்கம் நண்பர்களே! பின்னால் நிற்பதுதான் நம்ம வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஃபியட் டுகாட்டோ. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் ஏற்கெனவே இருந்தன. கரண்ட், கேஸ், டிவி இந்த மூன்றையும்தான் இப்போது மாற்றியிருக்கிறேன். “லித்தியம் பேட்டரி போட்டாச்சு, இனி கேஸ் எதற்கு?” என்று இங்கே இங்கிலாந்தில் வேன் வைத்திருக்கும் நம்ம ஆட்கள் பலர் கேட்கிறார்கள். கேஸ் வேண்டும். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

சீட்டுக்கு அடியில் பாருங்கள், இதுதான் புது பேட்டரி. லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 100 ஆம்பியர்-அவர். 12.8 வோல்ட்டால் பெருக்கினால் 1,280 வாட்-அவர், அதாவது 1,280 வாட் இழுக்கும் சாதனத்தை ஒரு மணி நேரம் ஓட்டும் சக்தி. முன்பு இருந்தது 110 ஆம்பியர்-அவர் லெட்-ஆசிட். எண்ணைப் பார்த்தால் பழையதுதான் பெரியது மாதிரி தெரியும். ஆனால் லெட்-ஆசிட்டைப் பாதிக்குக் கீழே இறக்கிக்கொண்டே இருந்தால் அதன் ஆயுள் போய்விடும். அதனால் கையில் கிடைப்பது 55தான். லித்தியத்தில் கிட்டத்தட்ட முழுவதையும் எடுக்கலாம், எடையும் பாதிதான்.

ஏன் வெளிப் பெட்டியில் வைக்காமல் உள்ளே வைத்தேன் என்றால், இந்த வகை பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. நல்ல பேட்டரியில் உள்ளேயே இருக்கும் கன்ட்ரோல் போர்டு சார்ஜை நிறுத்திவிடும். ஸ்காட்லாந்துக் குளிரில் காலையில் வெயில் அடித்தும் பேட்டரி ஏறவில்லையே என்று முழிக்க வேண்டியிருக்கும். மனிதன் தூங்கும் இடத்திலேயே அதுவும் தூங்கட்டும்.

சரி, எங்கிருந்து சார்ஜ் ஆகிறது? கூரையில் 175 வாட் சோலார். ஜூன் மாதத்தில் நல்ல நாளாக இருந்தால் 700 வாட்-அவர் பக்கம் வரும். டிசம்பரில் அதில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தாலே சந்தோஷப்படலாம், இந்த நாட்டு வெயில் அப்படி. அதனால் குளிர்காலத்தில் என்ஜினை நம்பித்தான் இருக்கிறேன். அதற்கு 30 ஆம்பியர் டிசி-டு-டிசி சார்ஜர், என்ஜின் பக்கத்துக் கரண்டைச் சரியான வோல்ட்டேஜுக்கு மாற்றி இந்தப் பேட்டரியில் ஏற்றும் கருவி. இரண்டு மணி நேரம் ஓட்டினால் பேட்டரியில் பாதிக்கு மேல் ஏறிவிடும். பழைய பாணியில் வெறும் ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்) வைத்து என்ஜின் பேட்டரியையும் இதையும் இணைத்தால் போதாதா என்றால், போதாது. யூரோ 6 என்ற புகை விதிக்கு ஏற்ற என்ஜின் வந்த பிறகு பல வண்டிகளில் ஆல்டர்னேட்டர் (என்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் கருவி) எரிபொருளை மிச்சம் பிடிக்க வோல்ட்டேஜைத் தானே குறைத்துக்கொள்கிறது. லித்தியமோ கிடைத்ததை எல்லாம் இழுக்கும். ஒன்று பேட்டரி நிறையாது, இல்லை ஆல்டர்னேட்டர் சூடாகிக் கெட்டுப்போகும். நடுவில் அந்த சார்ஜர் இருந்தால் இரண்டு பக்கமும் நிம்மதி.

இப்போதுதான் கெட்டில் கதை வருகிறது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கக் கிட்டத்தட்ட 100 வாட்-அவர் வேண்டும். பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர் வழியாகப் போனால் வீணாவதையும் சேர்த்து 115, 120 ஆகும். காலையில் டீ, சாயந்திரம் டீ, பாத்திரம் கழுவ சுடுதண்ணீர் என்று மூன்று லிட்டர் ஆனாலே 350. என் ஃபிரிட்ஜ் நாள் முழுக்க ஓடினாலும் 400, 450தான் எடுக்கிறது! அப்புறம் சோறு வடிக்க வேண்டும், குழம்பு வைக்க வேண்டும். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை 12 வோல்ட்டில் ஓட்டினால் 170 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்கேற்ற தடியான கேபிள், பெரிய ஃப்யூஸ், பெரிய இன்வெர்ட்டர் எல்லாம் வாங்க வேண்டும். செலவு எங்கேயோ போய்விடும்.

இதோ கேஸ் பெட்டி. 6 கிலோ புரோப்பேன். ஒரு கிலோவில் சுமார் 13 கிலோவாட்-அவர் சக்தி இருக்கிறது. ஆறு கிலோவுக்குக் கணக்குப் போட்டால், நான் வாங்கிய பேட்டரி மாதிரி 60 பேட்டரி! அடுப்பில் பாதி வெப்பம் பாத்திரத்துக்கு வெளியே போகிறது என்று வைத்துக்கொண்டாலும் 30. இதற்கு மேல் நான் வாதாட மாட்டேன். சூடு பண்ணுகிற வேலை எல்லாம் கேஸுக்கு, மிச்சமெல்லாம் பேட்டரிக்கு. அதனால் 1,000 வாட் இன்வெர்ட்டரோடு நிறுத்திக்கொண்டேன், லேப்டாப்புக்கும் மிக்ஸிக்கும் அது தாராளம்.

நீல சிலிண்டர் வாங்காதீர்கள், குளிரில் சுற்றுவதாக இருந்தால். அதில் இருப்பது பியூட்டேன், 0 டிகிரி பக்கம் வந்தாலே ஆவியாகாது, அடுப்பு மங்கிவிடும். சிவப்பில் இருக்கும் புரோப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். நான் போட்டிருப்பது பெட்ரோல் பங்கிலேயே எல்பிஜி நிரப்பிக்கொள்ளும் வகை. 80 சதவீதம் நிரம்பியதும் உள்ளே இருக்கும் வால்வு தானாக நிறுத்திவிடும், மேலே விரிவடைய இடம் வேண்டுமே. சாதாரண மாற்று சிலிண்டரில் அந்த வால்வு கிடையாது, அதைப் பங்கில் நிரப்ப நினைக்கவே வேண்டாம். ஒரு குறை சொல்ல வேண்டும்: இங்கே எல்பிஜி பங்குகள் குறைந்துகொண்டே வருகின்றன, கிளம்பும் முன் மேப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். பிரான்ஸ் பக்கம் போனால் நாஸில் வேறு, ஜெர்மனியில் அதுவும் வேறு. அடாப்டர் செட் ஒன்று பெட்டியில் கிடக்கட்டும்.

பெட்டியின் தரையில் இந்த ஓட்டை தெரிகிறதா? கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழே இறங்கி இந்த வழியாக ரோட்டுக்குப் போய்விடும். குளிர்காற்று வருகிறது என்று துணி வைத்து அடைத்த ஒருவரை முகாமில் பார்த்தேன், பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பேட்டரி வயரிங்கை நானே செய்தேன். கேஸ் பைப்பை நான் தொடவில்லை. கேஸ் சேஃப் (இங்கே கேஸ் வேலை செய்பவர்களுக்கான அதிகாரப்பூர்வப் பதிவேடு) பதிவுள்ள ஆளிலும் கேரவன் எல்பிஜி வேலைக்குத் தகுதி இருப்பவராகத் தேடி, பிரஷர் டெஸ்ட் வரை செய்ய வைத்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறது. குளிருக்காக அடுப்பை எரியவிட்டுத் தூங்குவது மட்டும் கூடாது.

டிவி பற்றித்தான் நிறையக் கேட்டீர்கள், ஆனால் அது சின்ன விஷயம். 24 இன்ச், நேராக 12 வோல்ட்டில் ஓடும் டிவி. 30 வாட்டுக்குள்தான் எடுக்கிறது, முழு நீளத் தமிழ்ப் படம் ஒன்று பார்த்தால் 90 வாட்-அவர், ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க வைப்பதற்கும் குறைவு. வீட்டு டிவியை வைத்தால் அதற்காக இன்வெர்ட்டர் ஓட வேண்டும், அது சும்மா இருந்தாலே 10 வாட் தின்னும். டிஷ் ஆன்டெனா வேண்டாம் என்று முடிவு செய்தேன். கூரையில் 4ஜி ஆன்டெனா, உள்ளே ரவுட்டர். ஸ்காட்லாந்து மலைப்பக்கம் சிக்னல் போய்விடும், அதற்குப் பென் டிரைவ் நிறைய படம் ஏற்றி வைத்திருக்கிறேன். சாட்டிலைட் இன்டர்நெட் தரும் ஸ்டார்லிங்க் மினி வாங்கலாமா என்றால், 25 முதல் 40 வாட் எடுக்கும், வேனிலேயே வேலை பார்ப்பவர்களுக்குச் சரி. படம் பார்க்க மட்டும் என்றால் மாதச் சந்தா கொடுத்துக் கட்டுப்படியாகாது.

முன் சீட் ரேடியோவை மட்டும் மறந்துவிடாதீர்கள். அது என்ஜின் பேட்டரியில் ஓடுகிறது, இரவெல்லாம் பாட்டுக் கேட்டால் காலையில் வண்டி கிளம்பாது. நான் அதையும் இந்த லித்தியத்துக்கு மாற்றிவிட்டேன், வயரை எப்படிப் பிரித்தேன் என்பதை அடுத்த வீடியோவில் டேஷ்போர்டைக் கழற்றியே காட்டுகிறேன்.