செவுள் வழியே ஒரு மீன்

அவையோருக்கு வணக்கம். சந்தையில் மீன் வாங்குகிறவர் முதலில் செவுளைத் தூக்கித்தான் பார்க்கிறார். நாமும் அந்த வழியாகவே மீனுக்குள் போவோம்.

வகைப்பாட்டை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். லாம்ப்ரே போன்ற தாடையில்லா மீன்கள் ஒரு கூட்டம். சுறா, திருக்கை ஆகியவை குருத்தெலும்பு மீன்கள். அயிலை, கெண்டை, விரால் எல்லாம் எலும்பு மீன்கள். 30,000-க்கும் மேற்பட்ட மீன் இனங்களில் மிகப் பெரும்பாலானவை இவைதான். சுறாவுக்குப் பெரும்பாலும் ஐந்து செவுள் பிளவுகள் பக்கவாட்டில் வெளியே தெரியும். திருக்கைக்கு அவை அடிப்பக்கம் இருக்கும். எலும்பு மீனுக்குப் பக்கத்துக்கு ஒரே மூடி.

அந்த மூடியைத் திறந்தால் நான்கு வளைவுகள். அவற்றில் சிவப்பு இழைகள். இழைக்கு இழை நுண்ணிய தகடுகள். தகட்டின் மேல் நீர் ஒரு திசையில் ஓட, உள்ளே இரத்தம் எதிர்த்திசையில் ஓடுகிறது. அதனால் கடைசி நுனிவரை இரத்தத்தைவிட நீரில்தான் ஆக்சிஜன் கூடுதல். வாங்குவது நிற்பதே இல்லை. இந்தச் சிக்கனம் கட்டாயம். 30 டிகிரி செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். அதே அளவு காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் உண்டு.

அப்படியானால் கரையில் போட்ட மீன் ஏன் சாகிறது? தாங்கிப் பிடிக்க நீர் இல்லாததால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, பரப்பு சுருங்கிவிடுகிறது. விராலுக்குத் தலைக்குள் தனிக் காற்றறை இருப்பதால் அது தாக்குப்பிடிக்கும். ஆனால் வளர்ந்த விராலை மேலே வரவிடாமல் நீருக்குள்ளேயே அடைத்தால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். மீன் நீரில் மூழ்கிச் சாகும் என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும்!

செவுளைச் சுவாச உறுப்பு என்று மட்டும் பாடத்தில் எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. சிறுநீரகத்தின் வேலையில் பெரும்பங்கு அங்கேதான் நடக்கிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. எலும்பு மீனின் இரத்தத்தில் அதில் மூன்றில் ஒரு பங்குதான். கடல்மீனின் உடலிலிருந்து நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். அது கடல்நீரைக் குடித்து, மிஞ்சிய உப்பைச் செவுள் வழியே தள்ளுகிறது. நன்னீர் மீனுக்கு நேர்மாறு: நீர் உள்ளே புகுந்தபடி இருக்கும். அது நீர்த்த சிறுநீரை நிறைய விட்டு, இழந்த உப்பைச் செவுளால் பிடித்துக்கொள்ளும். சுறா வேறு வழியில் போனது: யூரியாவை இரத்தத்தில் தேக்கிக் கடலோடு சமநிலை கொள்கிறது. செத்தபின் பாக்டீரியா அந்த யூரியாவை உடைப்பதால்தான் பழைய சுறாவில் அம்மோனியா நெடி.

உயிருள்ள மீனின் கழிவும் பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள் வழியே போகிறது. குஞ்சுகளைப் பையில் அடைத்து அனுப்புகிறவர்கள் இதை மறந்தால் நட்டம்தான். முந்தைய நாளே தீவனத்தை நிறுத்துங்கள். வயிறு காலியாக இருந்தால் நீர் சீக்கிரம் கெடாது. கையாளும்போது சளிப்படலம் உரிந்தால் உப்பு கசியும். நன்னீர்க் கெண்டைக் குஞ்சுகளுக்கு லிட்டருக்கு 3 கிராம் கல்லுப்பு கரைத்தால் அந்த இழப்பு குறையும். அயோடின் கலந்த தூள் உப்பு வேண்டாம். போய்ச் சேர்ந்ததும் பையைக் குளத்தில் மிதக்கவிட்டு, வெப்பம் சமமான பிறகு குளத்து நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் விட்டுத் திறந்துவிடுங்கள்.