பழைய ரிவால்வரும் ஒரு சின்ன டார்ச் விளக்கும்

வணக்கம். டெக்சஸில் உள்ள என் வீட்டு மேசையின் மேல் இன்று இரண்டு ரிவால்வர்கள் இருக்கின்றன. இரண்டுமே அமெரிக்க நிறுவனமான ஸ்மித் அண்ட் வெசன் தயாரித்த மாடல் 19. இரண்டுமே வேறொருவர் பயன்படுத்தி விற்றவை. உங்களுக்கு இடப்பக்கம் தெரிவது, நீலப் பூச்சு கண்ணாடிபோல் மின்னுகிறதே, அதை வாங்கித்தான் நான் ஏமாந்தேன். வலப்பக்கம் இருப்பது உறையில் உரசி உரசிக் குழல் முனை வெளுத்துப்போனது. அதைச் சென்ற மாதம் கால் மணி நேரம் சோதித்துப் பார்த்த பிறகே பணம் கொடுத்தேன். அந்தக் கால் மணி நேரத்தில் என்ன செய்தேன் என்பதை இன்று காட்டுகிறேன்.

எதையும் தொடங்கும் முன், தோட்டாக்கள் அமரும் உருளையான சிலிண்டரைத் திறந்து ஆறு அறைகளும் காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்கிறேன். கடைக்காரர் ஏற்கனவே பார்த்துவிட்டுத்தான் நம் கையில் கொடுத்திருப்பார். இருந்தாலும் நாமும் பார்க்க வேண்டும். நான் உட்கார்ந்து பேசும் இந்த வீட்டு அறையிலும் ஒரு தோட்டாகூட இல்லை. இன்னொன்று: சினிமாவில் வருவதுபோல் மணிக்கட்டைச் சுழற்றிச் சிலிண்டரை மூடாதீர்கள். சிலிண்டரைத் தாங்கும் உலோகக் கை அதனால் வளைந்துவிடும். உங்கள் கண்ணெதிரே விற்பவரே அப்படி மூடினால், அந்தத் துப்பாக்கி இத்தனை நாள் எப்படி நடத்தப்பட்டிருக்கும் என்பது உங்களுக்கு விளங்கிவிடும்.

முதலில் டைமிங், அதாவது சிலிண்டர் சரியான நேரத்தில் பூட்டிக்கொள்கிறதா என்ற சோதனை. விற்பவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, ஒரு விரலைச் சிலிண்டரின் மேல் பட்டும் படாமலும் வைத்து அதன் சுழற்சியைச் சற்றே தடுத்தபடி, கட்டைவிரலால் துப்பாக்கியின் பின்புறமுள்ள சுத்தியலை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுக்கிறேன். சுத்தியல் முழுதாகப் பின்னால் போய் நிற்பதற்குள் சிலிண்டர் தன் பள்ளத்தில் டிக்கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். அப்படிப் பூட்டாமல் சுத்தியல் மட்டும் நின்றுவிட்டால், சிலிண்டரைத் தள்ளிச் சுழற்றும் உள்ளுறுப்போ அதன் பற்களோ தேய்ந்திருக்கின்றன என்று பொருள். சுடும்போது அறையும் குழலும் நேர்க்கோட்டில் நிற்காமல், ஈயச் சிதறல் பக்கவாட்டில் தெறிக்கும். ஆறு அறைகளையும் தனித்தனியே பாருங்கள், ஏனென்றால் ஐந்து சரியாக இருந்து ஆறாவது மட்டும் பிந்துவதும் உண்டு.

சுத்தியல் பின்னால் நிற்கும்போதே, விசையை, அதாவது ட்ரிகரைத் தொடாமல், கட்டைவிரலால் அதை முன்பக்கமாக மிதமாக அழுத்துகிறேன். அது அசையாமல் நிற்க வேண்டும். நழுவி விழுந்தால், விசையை மென்மையாக்குகிறேன் என்று யாரோ உள்ளே அரம் போட்டிருக்கிறார்கள்; அதை விலை பேசாமலே திருப்பிக் கொடுத்துவிடுவேன். சுத்தியலின் மூக்கில் இருக்கும் ஊசி சற்று ஆடுகிறதே என்று பலர் கேட்கிறார்கள். இதுபோன்ற பழைய ஸ்மித்தில் அது அப்படித்தான் ஆடும், குறையன்று.

அடுத்து, சிலிண்டருக்கும் குழலுக்கும் உள்ள இடைவெளி. 0.006 அங்குலம், அதாவது 0.15 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் எனக்குத் திருப்தி. 0.010 அங்குலத்தைத் தாண்டினால் தயங்குவேன். இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் கையில் இல்லையென்றால், சாதாரண அச்சுத் தாள் ஒன்று ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிமன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று தாள்கள் ஒன்றாகத் தாராளமாக நுழைந்தால் அந்த ரிவால்வரை அங்கேயே வைத்துவிடலாம். சிலிண்டரை முன்னும் பின்னுமாகத் தள்ளியும் பாருங்கள். அந்த ஆட்டம் கண்ணுக்குத் தெரியுமளவு இருந்தால், அதிக வேகமுள்ள தோட்டாக்களை நிறையச் சுட்ட துப்பாக்கி அது.

இப்போது நான் ஏமாந்த இடத்துக்கு வருகிறேன். மாடல் 19 என்பது 1955இல் வந்தது. அமெரிக்க எல்லைக் காவல் படையைச் சேர்ந்த பில் ஜோர்டன் போன்றவர்கள், .357 மேக்னம் சுடக்கூடிய, ஆனால் நாள் முழுதும் இடுப்பில் சுமக்க இலகுவான ரிவால்வர் வேண்டும் என்று கேட்டதால், கே ஃப்ரேம் எனப்படும் நடுத்தர அளவுள்ள உடற்சட்டத்துக்குள் அந்த வலிமையான தோட்டாவைப் பொருத்தினார்கள். அதற்குக் கொடுத்த விலை இதோ இங்கே இருக்கிறது. குழலின் பின்முனைக்கு ஃபோர்சிங் கோன் என்று பெயர். சிலிண்டர் மூடுவதற்கு இடம் வேண்டும் என்பதற்காக அதன் அடிப்பகுதியைத் தட்டையாகச் சீவியிருக்கிறார்கள். சுவர் மிக மெல்லியதாக இருப்பது அங்கேதான். 125 கிரெய்ன் (ஏறத்தாழ 8 கிராம்) குண்டு எடையுள்ள வேகமான தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டால் விரிசல் அந்த இடத்தில்தான் விழும். 1980களின் தொடக்கத்தில் இன்னும் பருமனான எல் ஃப்ரேம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

டார்ச் விளக்கை இப்படிச் சாய்த்துப் பிடிக்கிறேன். கரிப்படலத்தின் நடுவே தலைமுடிபோல் ஒரு கோடு தெரிகிறதா? துணியால் துடைத்தால் கரி போய்விடும், இந்தக் கோடு போகாது. வாங்கிய அன்று நான் துடைக்கவே இல்லை. விற்றவர், தன் தாத்தா ஆண்டுக்கு ஒருமுறைதான் சுடுவார் என்று கதை சொன்னார். நான் கதையையும் பளபளப்பையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பளபளப்பே எனக்கு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது இதன் சுத்தியலும் விசையும் பழுப்பும் நீலமும் கலந்த வண்ணச் சாயலோடு இருக்கும்; இதிலோ எல்லாம் ஒரே கறுநீலம். எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருக்கிறது, திருகாணித் தலைகள் சிதைந்திருக்கின்றன. யாரோ பிரித்து, தேய்த்து, மறுபடி பூச்சுப் பூசியிருக்கிறார்கள்.

குழலின் உட்புறத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். வளையம்போல் ஒரு கருநிழல் விழுந்தால் அந்த இடத்தில் குழல் வீங்கியிருக்கிறது. சிலிண்டரைத் திறந்து வைத்துச் சுழற்றும்போது சுட்ட உறைகளை வெளியே தள்ளும் எஜெக்டர் தண்டின் நுனி வட்டமடித்தால் அது வளைந்திருக்கிறது. ஃப்ரேமின் மேல்பட்டையில், குழலுக்கு நேர் மேலே, சுடர் அரித்த மெல்லிய கோடு இருந்தால் அதற்காக நான் கவலைப்படுவதில்லை. ஓரளவுக்கு மேல் அது ஆழமாவதில்லை.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனையும் உண்டு. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் நண்பர்கள், சில விதிவிலக்குகள் நீங்கலாக, வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. நண்பரின் பெயரில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், அது குற்றம்.

வெளுத்துப்போன இந்த இரண்டாவது ரிவால்வரின் இடைவெளி 0.005 அங்குலம், ஆறு அறைகளும் நேரத்துக்குப் பூட்டுகின்றன. நாளை இதைச் சுடுதளத்துக்கு எடுத்துச் செல்கிறேன். முதலாவதற்கு ஏற்ற பழைய குழல் ஒன்று கிடைக்கும் வரை, அது பெட்டியிலேயே இருக்கும்.