பூசானுக்குப் போன 130 பேர்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு நாடு வளர முதலில் வேண்டியது பள்ளிக்கூடமா, தொழிற்சாலையா? இந்த வாதம் ரொம்ப நாளாக நடக்கிறது. என்னைக் கேட்டால், தொழிற்சாலையும் ஒரு பள்ளிக்கூடம்தான். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

வங்கதேசத்தில் 1979-இல் தேஷ் கார்மெண்ட்ஸ் என்ற புதிய நிறுவனம், தென் கொரியாவின் தேவூ நிறுவனத்தோடு போட்டிருந்த ஒப்பந்தப்படி 130 பேரை பூசான் நகருக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. தையல் மட்டுமா கற்றார்கள்? தரம் பார்ப்பது, ஒரு சட்டையைப் பல கைகளுக்குப் பிரித்துத் தைப்பது, வெளிநாட்டு ஆர்டர் பிடிப்பது எல்லாம் கற்றார்கள். திரும்பி வந்த சில ஆண்டுகளில் அவர்களில் பெரும்பாலானோர் தேஷை விட்டே போய்விட்டார்கள். சிலர் சொந்தமாகத் தொழில் தொடங்கினார்கள். மற்றவர்களைப் புதுக் கம்பெனிகள் இழுத்துக்கொண்டன. முதலாளிக்கு வயிற்றெரிச்சலாக இருந்திருக்கும். ஆனால் கற்ற வேலை ஊரெல்லாம் பரவியது. இன்று அந்நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் ஆயத்த ஆடையிலிருந்து வருகிறது.

அப்படியானால் படிப்பு வேண்டாமா? வேண்டும். ஆனால் படிப்பு மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு பிலிப்பைன்ஸ் இருக்கிறது. 1960-களில் கல்லூரிப் படிப்பில் அது கொரியாவை விட முன்னால் நின்றது. படித்தவர்களுக்கு உள்ளூரில் போதிய வேலை இல்லை. 1974-இல் அரசே தொழிலாளர் சட்டம் கொண்டுவந்து வெளிநாட்டு வேலைக்கு வழி செய்தது. அவர்கள் அனுப்பும் பணம் குடும்பங்களைக் காப்பாற்றுகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு செவிலியர் வெளிநாட்டு மருத்துவமனையில் பழகும் புது வேலைமுறை அந்த மருத்துவமனையிலேயே தங்கிவிடுகிறது.

கொரியா இரண்டையும் சேர்த்தே செய்தது. போஹாங் உருக்காலை 1973-இல் உற்பத்தி தொடங்குவதற்கு முன்பே, அதன் ஊழியர்கள் ஜப்பானில் பயிற்சி பெற்றிருந்தார்கள். 1976-இல் கொரியாவில் ஒரு சட்டம் வந்தது: பெரிய நிறுவனங்கள் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கான தொகையை அரசிடம் கட்ட வேண்டும். நாளடைவில் பல நிறுவனங்கள், பயிற்சி கொடுப்பதை விடப் பணத்தைக் கட்டுவதே லாபம் என்று முடிவு செய்தன. அதனால் இப்படி ஒரு சட்டம் போட நினைக்கும் எந்த அரசும், அந்தத் தொகையை எவ்வளவு என்று வைப்பது என்பதில்தான் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்.

நன்றி, வணக்கம்.